ஹெரால்டின் பின் ஆக்சில்

லக்னோவிலிருந்து நாக்பூருக்கு மாற்றலாகிச் சாமான் கட்டிய நாள். பேக்கர்ஸ் பையன் ஒருவன் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினான். அதற்குள்ளிருந்து மூன்று கால் நண்டு மாதிரி ஒரு இரும்பைத் தூக்கிக் காட்டி, "சாப், யே கபாட் மே டால் தூ?" என்று கேட்டான். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டம்மா முந்திக்கொண்டார். "இந்த இரும்பை இன்னும் எத்தனை ஊருக்குத் தூக்கிட்டுப் போகப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். இது எனக்கு ஐந்தாவது மாற்றல். ஐந்து ஊருக்கும் அந்த இரும்பு கூடவே வந்திருக்கிறது.

அதன் பெயர் ஹப் புல்லர். 1989-ல் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில், என் பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காருக்காகச் செய்தது. அந்த ஒரு காரைத் தவிர வேறு எதற்கும் உதவாது. அந்தக் காரும் போய்விட்டது, அதைச் செய்த கம்பெனியும் போய்விட்டது. ஆனாலும் ஏன் வைத்திருக்கிறேன் என்று வீட்டம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், கார்களின் பின் ஆக்சிலைப் பற்றிக் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். நான் பி.காம். படித்து பாங்கில் வேலை பார்ப்பவன், எஞ்சினியர் இல்லை. அதனால் பயப்படாமல் படிக்கலாம் :-)

எல்லா வேலையும் பின் சக்கரத்துக்கே

காரின் பிரேக்கை முதன்முதலில் வழியிலேயே நிறுத்திச் சரி செய்தவர் ஒரு குடும்பத் தலைவி. 1888 ஆகஸ்டில், காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பினார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, அந்தக் கட்டைகளின் மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதை இதுதான்.

அந்தக் காலக் கார்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். முன் சக்கரம் ஸ்டியரிங்கோடு இடமும் வலமும் திரும்பும். கம்பியும் தண்டும் வைத்து அதற்கு பிரேக் கொண்டுபோவது பெரிய தலைவலி. ஆகவே வண்டியைத் தள்ளுவதும் பின் ஆக்சில், நிறுத்துவதும் பின் ஆக்சில், பாரம் சுமப்பதும் அதுவே. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி.

1902-ல் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். சுற்றும் டிரம்முக்குள் இரண்டு ஷூ விரிந்து உராயும். இன்றும் சின்ன கார்களின் பின் சக்கரத்தில் இருப்பது அடிப்படையில் அதேதான். ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட், 1908-ல் பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸைச் சேர்த்தார். சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. அதன் கெடுதல் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அதற்குப் பின்னால் வருகிறேன். கம்பிக்குப் பதிலாகக் குழாயில் ஆயிலை நிரப்பி, அந்த அழுத்தத்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போடும் முறை 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் காரில் வந்தது. ஹென்றி ஃபோர்டுக்கு இந்த ஆயில் பிரேக்கில் நம்பிக்கை இல்லை. 1938 மாடல் வரை அவர் கம்பெனி கம்பி பிரேக்கிலேயே ஓட்டியது.

மூன்று கம்பெனி, இரண்டு பட்டை

இனி நம் ஊருக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953-ல் அரசாங்கம், உதிரிபாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டது. அவர்கள் போனார்கள். கார் செய்ய மிஞ்சியவர்கள் மூன்று பேர். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்ட். அடுத்த 30 வருஷம் இந்தியக் குடும்பத்துக்குக் கார் என்றால் இந்த மூன்றில் ஒன்று.

அம்பாசடர், ஃபியட் இரண்டுக்கும் பின்பக்க அமைப்பு ஒரே தத்துவம். ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரம் வரை ஒரே விறைப்பான இரும்புக் கூடு. நடுவில் பானை மாதிரி உப்பலாக கிரவுன் பினியன். கூட்டுக்குள் இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட். மொத்தத்தையும் இரண்டு ஸ்பிரிங் பட்டைகள் மேல் யு-போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மாட்டு வண்டி அச்சிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொரு சக்கரமும் சாயும். பின் சீட்டில் இருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும்.

ஆனால் ஒரு பெரிய வசதி. வாசலில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, வீல் ஸ்பேனரும் சுத்தியும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். பட்டை ஒடிந்தால் எந்தக் கொல்லுப்பட்டறையிலும் வேறு பட்டை சேர்த்துக் கட்டலாம். டிரம் வரி விழுந்தால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். ஷூவுக்குப் புது லைனிங் ரிவெட் அடிக்கலாம். கார் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கையில் இருக்கும் வண்டியை 20 வருஷம் ஓட்டியே ஆக வேண்டும். சென்னை புதுப்பேட்டை, கல்கத்தா மல்லிக் பஜார், டில்லி கஷ்மீரி கேட் எல்லாம் அந்தத் தேவையால் வளர்ந்த கடைவீதிகள்தான்.

நம்மூருக்கும் இதில் ஒரு நல்ல பங்கு உண்டு. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. 1960-ல் வந்த வீல்ஸ் இந்தியாவும் பாடியில்தான். 1964-ல் ரானே பிரேக் லைனிங்ஸ். வட இந்தியாவில் ஏதோ ஒரு சந்தில் ஒரு சர்தார்ஜி வண்டிக்குப் போடும் பிரேக் சாமான், நம்ம ஆவடி, கொரட்டூர் வீடுகளிலிருந்து ஷிஃப்டுக்குப் போனவர்கள் செய்ததாக இருக்கும்.

சென்னையின் கெட்டிக்காரக் கார்

மூன்றாவது கம்பெனியான ஸ்டாண்டர்ட் 1961-ல் ஹெரால்டை இறக்கியது. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரயம்ஃப் ஹெரால்ட் என்று வந்த கார். உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். அம்பாசடரைப் பார்த்த கண்ணுக்கு அது சினிமாக் கதாநாயகி மாதிரி இருந்திருக்கும். பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் மலரும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். 1968-ல் வந்த மார்க் 3-ல் நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான்.

பின்பக்கமும் புதுமைதான். விறைப்பான கூடு கிடையாது. டிஃபரன்ஷியல் பெட்டியைச் சட்டத்திலேயே பொருத்திவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு ஷாஃப்டுகள், பறவையின் இறக்கை போல, உள்பக்கம் ஒரு ஜாயின்ட் மட்டும் வைத்து மேலும் கீழும் ஆடும். இரண்டு பட்டைக்குப் பதில் குறுக்கே ஒரே பட்டை. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது தன் பாட்டுக்குப் போகும். சொகுசு.

சிக்கல் இரண்டு. ஒன்று, வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி எழும், இறக்கை கீழே மடங்கி, சக்கரம் உள்பக்கமாகச் சாயும், பிடிமானம் போய்விடும். இதே ரக ஆக்சில் வைத்த அமெரிக்க கார்வேர் காரைத்தான் ரால்ஃப் நேடர் தன் 1965-ம் வருஷப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் கிழித்தார்.

இரண்டாவது சிக்கல், பிரிப்பது. டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூ மாற்றுவது ஹெரால்டிலும் சுலபம். ஆனால் வெளி பேரிங்கோ சீலோ போய்விட்டால் ஹப்பைக் கழற்ற வேண்டும். ஹப்பின் துளையும் ஷாஃப்டின் முனையும் கூம்பு வடிவம். ஒன்றில் ஒன்று இறுகி, நடுவில் ஒரு சாவி வைத்து, மேலே பெரிய நட்டைப் போட்டு முறுக்கியிருப்பார்கள். பத்து வருஷம் ஓடிய பிறகு இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். அதற்கென்று கம்பெனி ஒரு விசேஷ புல்லர் வைத்திருந்தது. அது கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். உறையூரில் இருக்காது.

உறையூர் வாசலில் மூன்று நாள்

பெரியப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். எட்டாவது கை, ஒன்பதாவது கை என்று மாறி வந்த ஹெரால்டை எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கினார். 1989 கோடை விடுமுறையில் இடது பின் சக்கரம் 'ஊங்' என்று கத்த ஆரம்பித்தது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பேரிங் போய், சீல் தாண்டி கிரீஸ் வழிந்து, பிரேக் ஷூவெல்லாம் நனைந்துவிட்டது. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்து, "ஹெரால்டா? நமக்கு வேணாம் சார்" என்று போய்விட்டார்கள். பெரியப்பா, "நம்மளே பார்த்துக்கலாம்டா" என்றார். நான் கூடமாட ஒத்தாசை.

முதல் நாள் சுத்தியால் அடித்தோம். ஹப் அசையவில்லை, ஷாஃப்ட் முனையின் மரைதான் நசுங்கியது. இரண்டாம் நாள் ப்ளோ லாம்ப் வைத்துச் சுட்டோம். பெரியம்மா வாசலுக்கு வந்து, "வீட்டைக் கொளுத்தாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் பெரியப்பா ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். லேத்காரர் கனமான தகட்டை வெட்டி, மூன்று கால் வைத்து, நடுவில் தடித்த போல்ட் கடைந்து கொடுத்தார். அன்று சாயந்திரம் அதை மாட்டி முறுக்க முறுக்க ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹப் கையோடு வந்துவிட்டது. தெருவே எட்டிப் பார்த்தது.

டிரம்முக்குள் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. பெரியப்பா வாயால் ஊதினார். நானும் ஊதினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அது அஸ்பெஸ்டாஸ் தூசி.

புது பேரிங், சீல், ரிவெட் அடித்த ஷூ, வீல் சிலிண்டருக்குப் புது ரப்பர். கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். நான் சீட்டு நுனியில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, கீழே படுத்திருந்த பெரியப்பா நிப்பிளைத் திறந்து மூடினார். "அமுக்கு... பிடி... விடு." முப்பது தடவையாவது இருக்கும். அன்று எனக்கு எஞ்சினியர் ஆகிவிட்ட பெருமை.

மறுநாள் காலை பெரியப்பா, அக்கா, நான் மூவரும் ஒரு ரவுண்டு கிளம்பினோம். உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்துக்கு இறங்கும் இடத்தில் பெரியப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரை போனது. மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை. எதிரே மாட்டு வண்டி. அவர் கியரைக் குறைத்து ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி அலைந்து, கைப்பிடிச் சுவரை உரசி நின்றது. அக்காவின் நெற்றியில் இரண்டு தையல். ரப்பரை நாங்கள் சரியாக உட்கார வைக்கவில்லை. ஆயில் முழுக்க வழிந்துவிட்டது.

அந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கே ஒழுகினாலும் எல்லாம் போச்சு. வழியை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது வேலை செய்ய வேண்டும் என்று அமெரிக்கா 1968-லேயே சட்டம் போட்டுவிட்டது. எங்களைக் காப்பாற்றியது ஹேண்ட் பிரேக். அதற்குத் தனிக் கம்பி. நேரே பின் சக்கர ஷூவுக்குப் போகும். ஹென்றி ஃபோர்ட் நம்பிய அதே பழைய கம்பி பிரேக்.

ஆக்சிலை மாற்றிய கம்பெனி

ஹெரால்டைப் பார்த்து மெக்கானிக்குகள் கும்பிடு போட்ட கதை உறையூரில் மட்டும் நடந்ததல்ல என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனிக்கே அது முன்னமே தெரிந்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டைக் கொஞ்சம் மாற்றி ஸ்டாண்டர்ட் கெஸல் என்று விட்டார்கள். எஞ்சின் அதே 948 சி.சி. பெரிய மாற்றம் பின்பக்கத்தில். ஆடும் ஆக்சிலைத் தூக்கிவிட்டு, அம்பாசடர், ஃபியட் மாதிரியே விறைப்பான ஆக்சில் வைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழைய அமைப்பு பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

இங்கிலாந்திலும் அந்த ஆக்சில் மாறியது. அவர்கள் போன வழி வேறு. ஹெரால்டின் அண்ணனான விட்டெஸ் காரில் 1968-ல் கூடுதல் கைகளும் ரப்பர் ஜாயின்டுகளும் வைத்து, சக்கரம் மடங்காமல் செய்தார்கள். அதாவது அமைப்பை இன்னும் சிக்கலாக்கி நோயைத் தீர்த்தார்கள். சென்னையில் அமைப்பை எளிதாக்கித் தீர்த்தார்கள். அங்கே டீலர் இருந்தார், உதிரிபாகம் இருந்தது. இங்கே வீட்டு வாசலும் லேத் பட்டறையும்தான் இருந்தன. எதைச் செய்வது என்று வண்டலூரில் முடிவெடுத்தவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனாலும் கெஸல் எழுபதுகளோடு முடிந்துவிட்டது. 1985-ல் ரோவர் எஸ்டி1 காரின் உடம்புக்குள் பழைய வேன்கார்ட் காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அந்த ரோவருக்குப் பின்னால் இங்கிலாந்திலேயே விறைப்பான ஆக்சிலும் டிரம் பிரேக்கும்தான்! அந்தக் காரும் எடுபடவில்லை. 1988-ல் கார் உற்பத்தி நின்றது. பெரியப்பா புல்லர் செய்தபோது கம்பெனியில் கார் ஓடவில்லை.

அதற்கு முன்பே, 1983 டிசம்பர் 14-ல் மாருதி 800 வந்துவிட்டது. எஞ்சின் சக்தி முன் சக்கரத்துக்குப் போனது. நூறு வருஷமாக எல்லாப் பொறுப்பையும் சுமந்த பின் ஆக்சிலுக்கு, சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவது மட்டும் வேலை என்றாகிவிட்டது. மூத்த மருமகள் ரிடையர் ஆகிவிட்டார். அம்பாசடர் 2014 மே மாதம் நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு தெருவை விட்டுப் போயின.

கணக்கு

கணக்குப் பார்ப்பது என் தொழில். இந்தச் சரித்திரத்துக்கும் ஒரு வரவு செலவு போட்டுப் பார்த்தேன்.

அந்தக் கார்களை நாமே பிரிக்க முடிந்தது. அதனால் சம்பளக்காரக் குடும்பங்கள் ஒரு காரை இருபது வருஷம் வைத்துக்கொள்ள முடிந்தது. இது வரவு. ஆனால் பிரிக்க முடிகிற வண்டி, பத்திரமான வண்டி என்று அர்த்தமில்லை. ஒற்றை ஆயில் வழி, அஸ்பெஸ்டாஸ் தூசி, சரியாக உட்காராத ஒரு ரப்பர் வளையம். இது செலவு. பிரிட்டன் 1999-ல் அஸ்பெஸ்டாஸை முழுக்கத் தடை செய்தது. வருஷக்கணக்கில் அந்தத் தூசியை ஊதிய மெக்கானிக்குகளை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அவர்கள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைய கார் நேர் எதிர். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பெடல் தரை வரை போகும் காட்சியை என் பிள்ளை பார்க்கவே மாட்டான். நல்லது. ஆனால் போன மாதம் சர்வீசுக்கு விட்டபோது, பின் வீல் பேரிங்கில் சத்தம் என்றேன். ஹப்போடு சேர்த்து முழு செட் மாற்றினார்கள். கழற்றியதைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, கஸ்டமர் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பில்லைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கட்டினேன்.

அக்காவுக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஃபோனில் இந்தப் புல்லர் விஷயத்தைச் சொன்னேன். "அதைத் தூக்கிப் போட்டுடாதடா, அப்பா கையால வரைஞ்சு செஞ்சது" என்றாள். பெரியப்பா போய் ஒன்பது வருஷமாகிறது.

டிரங்குப் பெட்டி இப்போது நாக்பூர் வீட்டுப் பரணில் இருக்கிறது. வீட்டம்மா இதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பி.கு.: பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரம்மைக் கழற்றினால் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். தண்ணீரில் நனைத்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஏர் எடுக்கும்போது மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.